டிக் டிக் எண்டு சத்தம் போடுற வெளி ஹாட் டிஸ்க், உள்ளுக்க கிடக்கிற படங்களை எப்பிடி எடுக்கிறது?

08.10.2023 ஞாயிறு, இரவு 8.50

ஒரு ரெறாபைட் வெளி ஹாட் டிஸ்க், கைக்குள்ள அடங்கிற சின்னன், தனியா பிளக் இல்லை, யுஎஸ்பி வயரில வாற கறண்டிலயே ஓடுறது. வாங்கி ஆறு வருசம். இண்டைக்குக் காலமை லப்டொப்பில கொழுவினா லைற் மினுங்குது, உள்ளுக்க சுத்துற சத்தம் கேக்குது, பிறகு டிக்... டிக்... டிக் எண்டு ஏழெட்டுத் தரம், அதோட நிக்குது. பிறகு திருப்பியும் முதல்ல இருந்து. பத்துத்தரம் கொழுவினதில ஒருக்கா மட்டும் டிறைவ் எழுத்து வந்தது, திறக்கப் போக போமற் பண்ண வேணும் எண்டு விண்டோஸ் கேட்டுது. வேண்டாம் எண்டு குடுத்திட்டுக் கழட்டி வைச்சிட்டன்.

நேற்றுப் பின்னேரம் விசுவமடுப் பக்கம் நல்ல இடி மின்னல், கறண்ட் போய்ப் போய் வந்தது. அந்த நேரம் டிஸ்க் கொழுவினபடி கிடந்தது, அக்காவின்ர மகளின்ர சாமத்தியவீட்டுப் படங்கள் ஏறிக்கொண்டிருந்தது. மின்னல்தான் வேலையைக் காட்டியிருக்கு எண்டு நினைக்கிறன்.

டிஸ்க் போனாப் போகட்டும், எனக்குப் படங்கள் வேணும். வேற எங்கயும் கொப்பி இல்லை. ஆராவது இப்பிடி வந்து எடுத்தனீங்களோ? எதை முதல்ல செய்ய வேணும், எதைச் செய்யக்கூடாது?

08.10.2023, இரவு 9.40

விழுந்ததோ, தண்ணி பட்டதோ, என்ன வயர் எண்டு கேட்டவைக்கு: கீழ விழேல்ல. தண்ணி படேல்ல. யுஎஸ்பி 3 வயர், டிஸ்க்குப் பக்கம் அகலமான வாய், ரெண்டு துண்டைச் சேர்த்து வைச்ச மாதிரி இருக்குமே, அது. அந்த வாய் கொஞ்சம் ஆடுது, போன வருசத்தில இருந்தே ஆடுது.

09.10.2023 திங்கள், காலமை 6.20

ராத்திரி எழுதின அண்ணை ஒராள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். லப்டொப்பில பற்றி இருக்கெல்லோ, கறண்ட் போனாலும் லப்டொப் நிக்காதே, பிறகெப்பிடி டிஸ்க்குக்கு அடிச்சது எண்டு. யோசிச்சுப் பாத்தா சரி. லப்டொப்புக்கு ஒண்டும் நடக்கேல்ல, சார்ஜருக்கும் ஒண்டும் இல்லை. மின்னல் லப்டொப்பை விட்டிட்டு டிஸ்க்கை மட்டும் தேடிப் போகாது. அப்ப வேற என்ன?

09.10.2023, மத்தியானம் 1.15

கடையில இருந்து எழுதுறன். போட்டோக்கொப்பி எடுக்க வந்த பெடியன் ஒருத்தனிட்ட இதே வாய் உள்ள கட்டையான தடிச்ச வயர் இருந்தது, வாங்கிக் கடைக் கொம்பியூட்டரின்ர பின்பக்க வாயில போட்டுப் பாத்தன். நாலுதரம் போட்டதில மூண்டுதரம் டிக் டிக் இல்லை! டிறைவ் எழுத்து வந்தது. ஆனா திறக்கப் போனா வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது, கொம்பியூட்டரே இறுகிப்போகுது.

வயர் ஏன் இப்பிடிச் செய்யுது எண்டு விளங்காத ஆக்களுக்குச் சொல்லுறன். யுஎஸ்பி 2 வாய் குடுக்க வேண்டியது 500 மில்லிஅம்பியர், யுஎஸ்பி 3 எண்டா 900. இந்தச் சின்ன டிஸ்க்குகள் ஓடத் தொடங்கின பிறகு அதுக்குள்ள அடங்கும், ஆனா உள்ளுக்க எல்லாம் பதிஞ்சு கிடக்கிற வட்டத் தட்டு நிண்டதைச் சுத்த வெளிக்கிடுற அந்த ஒண்டு ரெண்டு செக்கன்தான் கூட இழுக்கும். வயர் மெலிஞ்சு பழசாப்போனா, இல்லாட்டி வாய் ஆடினா, அந்த நேரம் 5 வோல்ற் கீழ இறங்கிப்போம். தட்டு வேகம் எடுக்க ஏலாமல் தட்டை வாசிக்கிற தலை திரும்பி வந்து தான் ஒதுங்கி நிக்கிற இருக்கைக்கு ஏறும், அதுவும் டிக் எண்டுதான் கேக்கும். அதால டிக் எண்டு கேட்ட உடன செத்துப்போச்சு எண்டு முடிவு கட்டாதேங்கோ, முதல்ல வயரை மாத்துங்கோ, மேசைக் கொம்பியூட்டர் எண்டா முன் வாயை விட்டிட்டுப் பின் வாயில போடுங்கோ.

ஆனா என்ர கதை வயரோட முடியிற மாதிரித் தெரியேல்ல.

09.10.2023, இரவு 9.05

டிஸ்க்கின்ர சுகநிலையைக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட மென்பொருளைப் போட்டுப் பாத்தன். மஞ்சள், கவனம் எண்டு காட்டுது. 05 எண்ட வரியில 8. சி5 எண்ட வரியில 138. சி7 பூச்சியம்.

05 எண்டா டிஸ்க் தானே பழுது எண்டு ஒதுக்கி வேற இடம் குடுத்த துண்டுகள். சி5 எண்டா வாசிக்க ஏலாமல் காத்துக்கொண்டு நிக்கிற துண்டுகள். 138 துண்டுதானே, ஒரு ரெறாபைட்டில இருநூறு கோடிக்குக் கிட்டத் துண்டு இருக்கு, பெரிய காயம் இல்லை எண்டு மனம் கொஞ்சம் ஆறிச்சுது.

09.10.2023, இரவு 10.30

பிழை. மேல எழுதினதைத் திருத்துறன். அந்த மென்பொருள் கடைசி வரிசையில காட்டுறது பதினாறடி எண்களாம், பத்துக்குப் பதிலாப் பதினாறு பதினாறா எண்ணுற கணக்கு, மெனுவில மாத்தினாத்தான் எங்கட பத்தடிக் கணக்கில வரும். மாத்திப் பாத்தன். 138 எண்டு கிடந்தது 312. அதோட வடிவாக் கவனியுங்கோ, ஒன்பது மணிக்குப் பாத்தது 312, இப்ப 340. ஒண்டரை மணித்தியாலத்தில 28 கூடியிருக்கு. நான் இதில பாத்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிசமும் அது தேயுது.

சி7 பூச்சியம் எண்டதையும் நம்பி ஏமாறாதேங்கோ, அது பெட்டிக்கு உள்ளுக்க டிஸ்க்கை இணைக்கிற சாட்டா எண்ட வழியின்ர பிழைக்கணக்கு, வெளியில இருக்கிற யுஎஸ்பி வயரின்ர பிழை அதில விழாது.

கழட்டிட்டன். இனிப் புது டிஸ்க் கையில வாற வரைக்கும் தொடமாட்டன்.

10.10.2023 செவ்வாய், காலமை 5.50

விண்டோஸில டிஸ்க்கைத் திருத்துற செக் டிஸ்க்கை ஓடுங்கோ எண்டு மூண்டுபேர் எழுதியிருக்கிறியள். தயவுசெய்து அதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நல்ல டிஸ்க்கில கோப்பு ஒழுங்கு குழம்பிப்போனா அது உதவும், சரி. தட்டே பழுதாகிற டிஸ்க்கில அது என்ன செய்யுமெண்டா, வாசிக்க ஏலாத இடத்தைத் திருப்பித் திருப்பிக் கிண்டும், பட்டியல்ல பொருந்தாத வரியளை வெட்டும், வெட்டினதை அதே டிஸ்க்கிலயே எழுதும். என்ர சினேகிதன் ஒருத்தன் நெல்லுக் கொள்வனவுக் கணக்கு முழுக்க ஒரு டிஸ்க்கில வைச்சிருந்தான், ரவுணில ஒரு கடையில குடுக்க அவை கேக்காமல் கொள்ளாமல் செக் டிஸ்க் ஓட்டிப்போட்டு டிஸ்க் சரி, கொண்டு போங்கோ எண்டு குடுத்தவை. டிஸ்க் திறந்தது. உள்ளுக்க பேரில்லாத துண்டுக் கோப்புகள் நாலாயிரம். ஒண்டும் திறக்கேல்ல. மூண்டு போகக் கணக்கு அது.

பிரிட்ஜுக்க வைக்கச் சொன்ன தம்பிக்கு: வேண்டாமடா. ஐப்பசி மாசத்து ஈரக்காத்தில குளிர்ந்த சாமானை வெளியில எடுத்தா என்ன நடக்கும்? சோடாப் போத்தில் வேர்க்கிற மாதிரி உள்ளுக்கையும் வேர்க்கும். தட்டுக்கும் தலைக்கும் நடுவில உள்ள இடைவெளி சில நனோமீற்றர்தான். மயிர் ஒண்டின்ர தடிப்பு பத்தாயிரக்கணக்கில நனோமீற்றர் வரும். அந்த இடைவெளியில தண்ணித்துளி ஒண்டு, தட்டு நிமிசத்துக்கு 5400 தரம் சுத்துது, யோசிச்சுப் பார்.

10.10.2023, இரவு 8.15

ஏன் இவ்வளவு பதறுறாய், படம்தானே எண்டு ஒராள் கேட்டிருக்கிறார். கோவமில்லை, சொல்லுறன்.

2008 கடைசியில சண்டைக்கு நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அம்மா அல்பம் ரெண்டையும் பொலித்தீன்ல சுத்தி, அதுக்கு மேல உரபாக்கில சுத்தி, கிணத்தடித் தென்னைக்குப் பக்கத்தில தாட்டவா. 2010ல திரும்பி வந்து முதல் வேலையா அந்த இடத்தைத்தான் கிண்டினது. பொலித்தீன் இருந்தது. உள்ளுக்க தண்ணி போய் அல்பம் கறையான் தின்ன மாதிரி, படங்கள் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி ஒரு செங்கல்லு மாதிரிக் கட்டியாக் கிடந்தது. அம்மாவுக்குப் பொறுக்கேல்ல. கத்தியை ஓரத்தில குடுத்துப் பிரிச்சா. முதல் படத்தின்ர முகம் இரண்டாவது படத்தின்ர முதுகில ஒட்டிக்கொண்டு வந்திட்டுது. ரெண்டாவதும் அப்பிடித்தான். அதில ஒண்டு அவவின்ர கலியாணப்படம்.

முந்தி முல்லைத்தீவில ஸ்ரூடியோவில வேலை செய்த அண்ணை ஒராள் பக்கத்து வளவில இருந்தவர், ஓடிவந்து, அக்கா தொடாதேங்கோ, விடுங்கோ எண்டு கத்தினவர். கட்டியைக் கொண்டுபோய் பேசினில நல்ல தண்ணியில ஊறப்போட்டு, பொழுதுபட்டு விடியிற வரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடேல்ல. காலமை தண்ணிக்குள்ள வைச்சபடியே விரல் நுனியால மெல்ல மெல்ல, ஒண்டு ஒண்டா. அறுபது படத்துக்கு மேல இருந்ததில ஒன்பது தப்பிச்சுது.

அந்த ஒன்பதும் இந்த டிஸ்க்குக்குள்ள. அதுக்குப் பிறகு பத்துப் பன்ரண்டு வருசமா சொந்தக்காரர் எல்லாரிட்டயும் கேட்டு, லண்டன் சின்னம்மா, கனடா மாமா, வவுனியாப் பெரியம்மா எண்டு ஆரின்ர அல்பத்தில எங்கட வீட்டு ஆக்கள் நிண்டாலும் ஸ்கான் பண்ணி எடுத்துச் சேர்த்தது எண்ணூற்றிச் சொச்சம். அதும் உள்ளுக்க. பதறாமல் என்ன செய்யிறது.

11.10.2023 புதன், இரவு 7.30

காரணம் பிடிபட்டிட்டுது.

அக்காவின்ர சின்னவன், பத்து வயசு, இண்டைக்குப் பின்னேரம் கடைக்கு வந்து ஒண்டும் கதைக்காமல் நிண்டான். பிறகு சொன்னான், சனிக்கிழமை கறண்ட் போன இருட்டில ரோச்லைற் எடுக்க ஓடேக்க வயர் கால்ல தடக்குப்பட்டு டிஸ்க் கதிரையில இருந்து விழுந்ததாம், எடுத்துத் திரும்ப வைச்சவனாம், லைற் எரிஞ்சதால ஒண்டும் இல்லை எண்டு நினைச்சவனாம். ரெண்டு நாளா மாமா அழுறமாதிரி இருக்கிறார் எண்டு தாயிட்டச் சொல்லியிருக்கிறான். ஏசேல்ல. அவன் சொன்னதாலதான் எனக்கு வழி தெரிஞ்சது, ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்து அனுப்பினன்.

அப்ப மேல "கீழ விழேல்ல" எண்டு நான் எழுதினதைப் பிழை எண்டு எடுங்கோ. ஓடிக்கொண்டிருக்கேக்க விழுந்திருக்கு, தலை தட்டில உரசியிருக்கும். நிண்ட டிஸ்க் விழுறதுக்கும் சுத்துற டிஸ்க் விழுறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், நிண்டா தலை ஒதுங்கி இருக்கையில இருக்கும், சுத்தேக்க தட்டுக்கு மேல நிக்கும். வாய் ஆட்டம் பழைய வருத்தம், உரசல் புது வருத்தம், ரெண்டும் ஒண்டாச் சேர்ந்துதான் என்னைக் குழப்பினது.

12.10.2023 வியாழன், இரவு 11.10

மாங்குளத்தில இருந்து சினேகிதன் விதைப்பு வேலைக்கு நடுவிலயும் மோட்டச்சைக்கிளில வந்து 2 ரெறாபைட் புது டிஸ்க் ஒண்டு தந்திட்டுப் போறான். அந்த மனுசனுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல.

செய்தது இது. விண்டோஸை விட்டாச்சு, ஏனெண்டா கொழுவின உடன அது தானாப் போய் டிஸ்க்கைத் தடவும், தேவையில்லாத தடவல். பென் டிறைவில விண்டோஸுக்குப் பதிலா ஓடுற உபுண்டு போட்டு, அது டிஸ்க்கைத் தானாத் திறக்கிறதை (மவுன்ற் பண்ணுறதை) நிப்பாட்டி, பழுதான டிஸ்க்கைக் கொப்பி எடுக்கிற டிடிரெஸ்க்யூ ஓடுறன். உபுண்டுவில அந்தப் பொதியின்ர பேர் ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளை டிடிரெஸ்க்யூ, பேர் மாறிக் கிடக்கிறதில ஒரு மணித்தியாலம் போச்சு. கட்டளையில முதல்ல எழுதிறது பழுதான டிஸ்க், ரெண்டாவது போய்ச் சேர வேண்டிய இடம், மூண்டாவது மேப் கோப்பு. முதலும் ரெண்டாவதும் மாறினா வெறும் டிஸ்க் உங்கட படத்துக்கு மேல எழுதப்படும், எல்லாம் முடிஞ்சுது. நான் அளவை வைச்சுப் பாத்தன், 1 ரெறா பழசு, 2 ரெறா புதுசு, என்ரர் அடிக்க முதல் மூண்டுதரம் வாய்விட்டு வாசிச்சன்.

இதின்ர புத்தி என்னெண்டா, முதல் சுற்றில நல்ல இடத்தை மட்டும் அள்ளிக்கொண்டு ஓடும், பழுதான இடம் வந்தா நிண்டு மல்லுக்கட்டாது, தாண்டிப் பாயும். எங்க எங்க தாண்டினது எண்டு மேப் கோப்பில குறிச்சு வைக்கும். கறண்ட் போனாலும் வயர் கழண்டாலும் அதே கட்டளையை அடிச்சா விட்ட இடத்தில இருந்து தொடங்கும். எங்கட பக்கக் கறண்டுக்கெண்டே செய்த சாமான் மாதிரி. மேப் கோப்பை மட்டும் பென் டிறைவ் உபுண்டுவின்ர சொந்த போல்டருக்குள்ள வைக்காதேங்கோ, நிப்பாட்டினா அழிஞ்சுபோம். நான் புது டிஸ்க்கில வைச்சன்.

இன்னொண்டு, புது டிஸ்க் ஃபாற்32 எண்ட பழைய போமற்றில இருந்தா 4 கிகாபைட்டுக்கு மேல ஒரு கோப்பு எழுத ஏலாது. இது எக்ஸ்ஃபாற், பிரச்சினை இல்லை.

இப்ப 214 கிகாபைட். பிழை கொஞ்சம்தான். டிக் சத்தம் இல்லை. நித்திரை வருகுதில்லை.

13.10.2023 வெள்ளி, காலமை 4.40

612ல நிக்குது. வேகம் செக்கனுக்கு 70 மெகாபைட்டில இருந்து 200 கிலோபைட்டுக்கு விழுந்திட்டுது. டிஸ்க்கில கை வைக்க ஏலாமல் சூடு, 51 பாகை. நிப்பாட்டிக் கழட்டிட்டன். ஆறட்டும்.

13.10.2023, இரவு 10.00

பெட்டியைக் கழட்டி டிஸ்க்கை வெளியில எடுத்து நேராக் கொழுவச் சொன்ன அண்ணைக்கு: ஓரத்தைக் கொஞ்சம் நெம்பிப் பாத்தன். இந்த வகையில யுஎஸ்பி வாயே டிஸ்க்கின்ர மின்பலகையில ஈயத்தால பத்தவைச்சிருக்கு, சாட்டா வாய் இல்லை. வேற சில வகையில சாட்டா இருக்கும், ஆனா இடையில நிக்கிற பலகை பூட்டுப்போட்டு எழுதியிருக்கும், அதை விட்டிட்டு நேராக் கொழுவினா வெறும் குப்பை எழுத்துத்தான் வரும். அதால எல்லாருக்கும் பொதுவாச் சொல்ல ஏலாது, பாத்துச் செய்யுங்கோ. உள் மூடியைத் திறக்கிற கதையே வேண்டாம். எங்கட கிறவல் ரோட்டுப் புழுதி மூக்குக்க போறதையே தடுக்க ஏலாமல் இருக்கிறம்.

பின்னுக்கிருந்து முன்னுக்கு ஓட விடுங்கோ எண்டு அக்கா ஒராள் சொன்னது நல்ல ஐடியா, கட்டளையில ஒரு எழுத்தைச் சேர்த்தாச் சரி, தலைகீழா வாசிச்சுக்கொண்டு வரும். மேசைக் காத்தாடியை டிஸ்க்குக்கு நேர திருப்பி வைச்சு, இப்ப தொடங்கினன். கடைசிப் பக்கம் முழுக்க நல்லா இருக்கு. 70 மெகாபைட்டிலயே வருகுது.

15.10.2023 ஞாயிறு, பின்னேரம் 5.25

99.2 வீதம்.

18.10.2023 புதன், இரவு 9.30

99.99 வீதம். விடுபட்டது 38 மெகாபைட். ஆறு நாள், இடையில கறண்ட் ஆறுதரம் போச்சு, நான் சூட்டுக்காக நிப்பாட்டினது ஒன்பதுதரம். கடைசியா மூண்டுதரம் திருப்பி முயற்சி பண்ணச் சொல்லி விட்டன், அதில டிக் சத்தம் திரும்பத் தொடங்கிச்சுது, அதோட போதும் எண்டு கழட்டிட்டன். அந்த டிஸ்க்கை இனிக் கொழுவமாட்டன், கொழும்பில சுத்தக்காத்து அறை வைச்சுத் திறக்கிற ஆக்களுக்கு அனுப்ப வேண்டி வந்தா அந்த நிலைமையிலயாவது இருக்கட்டும்.

19.10.2023 வியாழன், இரவு 8.00

எடுத்த பிம்பக் கோப்பும், அதுதான் பழைய டிஸ்க் முழுக்க ஒரே கோப்பாக் கொப்பி ஆனது, திறக்கேல்ல எண்ட உடன நெஞ்சு திக் எண்டுது. பிறகு விளங்கிச்சுது, பழுதான இடத்துக்குள்ள, டிஸ்க்கில கோப்புகள் கிடக்கிற பகுதியின்ர முதல் துண்டும் அகப்பட்டிருக்கு, என்ன வகை டிஸ்க் எண்டு சொல்லுற துண்டு அது, அது இல்லாததாலதான் முதல் நாளே போமற் கேட்டிருக்கு. என்ரிஎஃப்எஸ் எண்ட விண்டோஸ் போமற் வகையில அதின்ர நகல் ஒண்டு பகுதியின்ர கடைசித் துண்டில இருக்கும். கடைசிப் பக்கம் நல்லாத்தானே வந்தது! இப்பிடிக் குழம்பினதைத் திருத்துற டெஸ்ட்டிஸ்க் மென்பொருளைப் போட்டுப் பாத்தா முதல் துண்டு பழுது, நகல் சரி எண்டு காட்டுது. பழைய முதல் துண்டின்ர 512 பைட்டையும் ஒரு கோப்பா எடுத்து வைச்சிட்டு நகலை முன்னுக்கு எழுதச் சொன்னன். பிம்பத்திலதான் எழுதினது, பழைய டிஸ்க்கில இல்லை.

திறந்திட்டுது.

போல்டர் பேர் எல்லாம் அப்பிடியே. "அம்மா தாட்ட ஒன்பது" எண்டு பேர் வைச்ச போல்டரைத்தான் முதல்ல திறந்தன். ஒன்பதும் இருக்கு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன், அவ ஒண்டும் சொல்லேல்ல, கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துக்கொண்டிருந்தா.

22.10.2023 ஞாயிறு, மத்தியானம் 12.40

எது பழுது எண்டு ஒவ்வொரு கோப்பாத் திறந்து பாக்கத் தேவையில்லை. மேப் கோப்பை வைச்சு, விடுபட்ட துண்டுகளுக்குள்ள மட்டும் ஒரு சொல்லை நிரப்பச் சொல்லி டிடிரெஸ்க்யூவுக்குச் சொல்லலாம், வேற எங்கயும் வராத ஒரு சொல்லா இருக்க வேணும். பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்புக்குள்ள கிடக்கு எண்டு தேடினா, அதுதான் காயப்பட்டது. எனக்கு 19 வந்தது. 14 பாட்டும் சினிமாப்படமும், போகட்டும். 4 சாமத்தியவீட்டுப் படம், படப்பிடிப்பாளரிட்ட மூலம் இருக்கு.

மிச்சம் ஒண்டு அப்பாவின்ர. இரணைமடு அணைக்கட்டில சைக்கிளோட நிக்கிறது. மேல்பாதி நல்ல தெளிவு, வானம், அப்பாவின்ர முகம், சைக்கிள் காண்டிலில வைச்ச கை, மணிக்கூடு. இடுப்புக்குக் கீழ ஒரே சாம்பல் நிறம், பலகை அடிச்சு மறைச்ச மாதிரி. லண்டன் சின்னம்மாவின்ர அல்பத்தில இருந்து 2014ல ஸ்கான் பண்ணினது. இப்ப அவ வீடு மாறிட்டா, அல்பம் எந்தப் பெட்டிக்க எண்டு தெரியாதாம். தேடுறன் மோனை எண்டு சொன்னவ.

24.10.2023 செவ்வாய், இரவு 9.15

இப்ப எப்பிடி வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டவைக்கு: புது டிஸ்க் ரெண்டு வாங்கி, ஒண்டு என்ரயிட்ட, மற்றது வவுனியாவில பெரியம்மா வீட்டு அலுமாரியில, மாசம் ஒருக்கா பஸ்ஸில போகேக்க மாத்துவன். படங்கள் மட்டும் இணையத்திலயும் ஏறிக்கொண்டிருக்கு, எங்கட சிக்னலுக்கு ராத்திரியிலதான் ஏறும், இன்னும் ஒரு கிழமை எடுக்கும். சினேகிதன்ர டிஸ்க் திருப்பிக் குடுத்தாச்சு.

05.11.2023 ஞாயிறு, காலமை 7.05

சின்னம்மா ராத்திரி வட்ஸ்அப்பில அனுப்பியிருந்தா. சாதாரணப் படமா அனுப்பினதால சுருங்கிப்போய் வந்தது, திருப்பி டொக்யுமென்ற் எண்டு தெரிவு செய்து அனுப்பச் சொல்லி விளங்கப்படுத்தி, அவவின்ர பேத்தி வந்து அனுப்பி, இப்ப முழுசா இருக்கு.

கீழ்ப்பாதியில அப்பாவின்ர கால்ல செருப்பு இல்லை. சைக்கிள் பின் சில்லுக்குப் பக்கத்தில ஒரு நாய் படுத்திருக்கு, 2014ல ஸ்கான் பண்ணேக்க நான் கவனிச்சதாவே ஞாபகம் இல்லை. அம்மாவுக்குக் காட்டினன். உது வீரன், நீ பிறக்க முதல் நிண்டது, அப்பா எங்க போனாலும் சைக்கிளுக்குப் பின்னால ஓடும் எண்டா.